கணக்குப் புத்தகத்தைத் திருடிய பையன்

கரும்பாலையின் கணக்குப் புத்தகத்தைத் திருடப் போய் ஒரு பையன் மாட்டிக்கொள்கிறான். பணப்பெட்டியை அவன் தொடவில்லை. தொழிலாளிகளுக்குச் சேர வேண்டிய கூலியில் எவ்வளவு அமுக்கப்படுகிறது என்பதற்கான ஆதாரம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அதனால் அதை எடுத்தான். கையைக் கயிற்றால் கட்டி, குதிரைக்குப் பின்னால் நடக்கவிட்டு இழுத்துக்கொண்டு போகிறார்கள். யாருடைய கூலிக்காக அவன் அதை எடுத்தானோ, அந்தச் சனங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பையன் பெயர் லெயோபோல். அப்பா வெள்ளைக்கார முதலாளி. அம்மா கலப்பினப் பெண். படம் 'ரூ காஸ் நேக்ர்', 1983ல் வந்தது. கறுப்பர்களின் குடிசைத் தெரு என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் 'ஷுகர் கேன் ஆலி' என்ற பெயரில் தேடினால் கிடைக்கும். இயக்கியவர் யூசான் பால்சி. கரீபியன் கடலில் பிரான்ஸின் கையில் இருக்கும் மார்த்தினிக் தீவில் 1958ல் பிறந்தவர். இந்தப் படத்தை எடுத்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம்.

காலனிய ஆட்சியைப் பற்றிய படங்களில் சாட்டையும் சங்கிலியும் துப்பாக்கியும் நிறையப் பார்த்திருக்கிறோம். பால்சியின் படத்தில் எனக்கு மறக்காமல் நிற்பது ஒரு மேஜை. கூலி நாளில் அதைக் கொண்டுவந்து போடுகிறார்கள். அதன்மேல் புத்தகம். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து கையை நீட்டுகிறார்கள். சில்லறை விழுகிறது. இவ்வளவுதானா என்று ஒருவர் கேட்கிறார், பதில் கிடைப்பதில்லை. அடுத்த பெயர். யாரையும் அடிக்கவில்லை. அடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்ட ஒரு ஏற்பாட்டை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிறவெறியைக் கூலிக் கணக்காகவும், சொத்துப் பத்திரமாகவும், பள்ளிக்கூட மதிப்பெண்ணாகவும் காட்டத் தெரிந்த இயக்குநர் பால்சி. அவரைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுதமாட்டார்களா என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். சரி, நானே எழுதிவிடுகிறேன்.

கதை ஜோசப் ஸோபெல் எழுதிய நாவல். மார்த்தினிக்கின் ரிவியேர் சாலே பகுதியில் பிறந்த ஸோபெல், தன் சொந்தச் சிறுவயதை வைத்து எழுதி 1950ல் வெளியிட்டது. பால்சி அதைப் பதினான்கு வயதில் படித்தார். தன் தீவை, தன் மனிதர்களை, தன் கரும்புக் காட்டை ஒரு புத்தகத்துக்குள் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. அதுவரை படித்த பாடங்கள் எல்லாம் பிரான்ஸின் ஆறுகளும் பிரான்ஸின் அரசர்களும். இதைப் படமாக எடுக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

கதை நடப்பது 1930களின் தொடக்கத்தில். ஜோஸே என்ற பையன் பாட்டியிடம் வளர்கிறான். மம்மான் தீன் என்று கூப்பிடுகிறான். பாட்டி விடிந்ததும் கரும்புக் காட்டுக்குப் போய்விடுவாள். எல்லா வீட்டிலும் பெரியவர்கள் போய்விடுவதால் பகல் முழுக்க அந்தக் குடிசைத் தெரு பிள்ளைகளின் ராஜ்ஜியம். அவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்து சர்க்கரையைத் தேடுகிறார்கள். தேடும்போது பாட்டியின் கிண்ணம் உடைந்துவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரும்பு. ஆனால் அதை வெட்டுகிறவள் வீட்டில் சர்க்கரை ஒளித்துவைக்கும் பொருளாக இருக்கிறது. பால்சி இதை வசனமாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் தேடுவதைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இந்தப் படத்தின் நெஞ்சு என்று நான் நினைப்பது மெதூஸ் என்ற கிழவர். செனகல் நடிகர் தூத்தா செக் நடித்தார். ராத்திரி நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜோஸேக்கு விடுகதை போடுகிறார், மரத்தில் பொம்மை செதுக்குகிறார். ஒருநாள் தன் அப்பா சொன்னதைச் சொல்கிறார். அடிமைத்தனம் ஒழிந்தது என்ற சேதி வந்ததும் எல்லாரும் ஓடினார்களாம். தீவு முழுக்க, கால் வீங்கும் வரை ஓடினார்களாம். ஓடி முடித்துப் பார்த்தால் நிலமெல்லாம் வெள்ளைக்காரன் பெயரில் இருக்கிறது. வயிறு காய்ந்தது. திரும்பி அதே குடிசைத் தெருவுக்கே வந்துவிட்டார்கள். எஜமான் இப்போது முதலாளி ஆகியிருந்தான்.

இதில் புனைவு ஒன்றும் இல்லை, நடந்த வரலாறுதான். 1848ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. பாரிஸில் போட்ட ஆணை கப்பலேறி வந்து சேர்வதற்குள், அந்த மே மாதம் 22ஆம் தேதி மார்த்தினிக்கில் அடிமைகளே கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த நாள் ஆளுநர் அங்கேயே விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, 1849ல், நட்ட ஈட்டுக்குச் சட்டம் வந்தது. பணம் போனது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. இரண்டு நூற்றாண்டு உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை, ஒரு குழி நிலமும் இல்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம் ஊரில் சொல்வார்கள். மெதூஸின் அப்பா ஓடி ஓடிப் பார்த்த கணக்கு அதுதான்.

இந்த இடத்தில் நம் பக்கத்துக் கதை ஒன்று வந்து சேர்கிறது. விடுதலையானவர்கள் பழைய கூலிக்கு, பழைய முறையில் வேலை செய்ய மறுத்தபோது தோட்ட முதலாளிகள் வேறு ஆட்களைத் தேடினார்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். முதல் கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கின் சேன் பியேர் துறைமுகத்தில் போய் நின்றது. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 பேர். பெரும்பாலும் தமிழர்கள். ஐந்து வருட ஒப்பந்தம். நிறையப் பேர் அங்கேயே செத்தார்கள், கொஞ்சம் பேர் திரும்பினார்கள், மீதிப் பேர் தங்கிவிட்டார்கள். தீவின் வடக்கே பாஸ் புவன்த் பக்கத்தில் இன்றைக்கும் மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் பூசை நடக்கிறது. கூலி உயரக் கூடாது என்பதற்காகவே கொண்டுவரப்பட்டவர்கள் என்பதால் கறுப்பின மக்களின் கோபம் இவர்கள்மேல் திரும்பியது. முதலாளிக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. பால்சியின் படம் இவர்களைப் பற்றியது இல்லை. ஆனால் மெதூஸ் கதை சொல்லும்போது, ஓடிப்போனவர்கள் காலி செய்த இடத்துக்கு யார் வந்தார்கள் என்பதை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அத்தை நெடுங்காட்டில் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயலிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். ஒரு மழை நாளில் மடிக்கணினியில் அவருக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, பக்கத்தில் உட்கார்ந்து வசனங்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். கூலி மேஜை வந்ததும் என்னை நிறுத்தச் சொன்னார்.

"யார்றா அவன், காரியக்காரனா?"

"ஆமா அத்தே. முதலாளி வரமாட்டாரு. இவன்தான் எல்லாம்."

"அதான் பார்த்தேன். மரக்காலைப் பிடிக்கிறவன் எந்த ஊர்லயும் இப்பிடித்தான் குனிஞ்சே இருப்பான். நம்ம முகத்தைப் பார்க்கமாட்டான்."

அதற்கப்புறம் அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். அவன் கண் புத்தகத்தைவிட்டு அதிகம் எழவே இல்லை.

மம்மான் தீனாக நடித்தவர் தர்லிங் லெஜித்திமூஸ். எழுபதைத் தாண்டிய வயது. வெனிஸ் திரைப்பட விழாவில் அந்த ஆண்டின் சிறந்த நடிகை விருது அவருக்குக் கிடைத்தது. அதே விழாவில் படத்துக்கு வெள்ளிச் சிங்கம் என்ற விருதும் கிடைத்தது. அந்த அம்மாவின் முகத்தில் கோபமும் பாசமும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கும். பையனைத் திட்டிக்கொண்டே சோறு போடுவார். ஒரு காட்சியில் பிள்ளைகளின் விளையாட்டு தீ விபத்தில் முடிகிறது. இனிப் பிள்ளைகளையும் காட்டு வேலைக்கு அனுப்புங்கள் என்கிறார்கள். மற்றவர்கள் அனுப்புகிறார்கள். பாட்டி அனுப்பமாட்டேன் என்கிறாள். அவள் மகள், அதாவது ஜோஸேயின் அம்மா, உயிரோடு இல்லை. பேரனைக் கரும்புக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை. பைப்பைப் புகைத்துக்கொண்டு, தேய்ந்த உடம்போடு, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசையாமல் நிற்கிறாள்.

பையன் படிக்கிறான். நன்றாகப் படிக்கிறான். தலைநகர் ஃபோர் த ஃபிரான்ஸில் உயர்நிலைப் பள்ளியில் சேர உதவித்தொகை கிடைக்கிறது, ஆனால் அது முழுத் தொகை இல்லை. செலவில் கால் பங்குதான். மீதி முக்கால் பங்குக்காகப் பாட்டி ஊரை விட்டு நகரத்துக்கு வருகிறாள். பழைய பெட்டிப் பலகைகளால் கட்டிய குடிசையில் தங்கி, வெள்ளைக்காரர் வீட்டுத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுகிறாள். கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, கொடுத்தது போதாது என்று யாரும் கேட்கவும் முடியாது. தன்னைத் தாராளமாக நினைத்துக்கொண்ட ஒரு அரசாங்கம் எப்படிப் பிச்சு பிச்சுக் கொடுக்கும் என்பதை இந்தக் கால் பங்கு காட்டுகிற மாதிரி ஒரு சொற்பொழிவால் காட்ட முடியாது. அதே காலத்தில், 1931ல், பாரிஸில் காலனியக் கண்காட்சி நடந்தது. காலனிகளுக்குத் தாங்கள் கொண்டுபோன நாகரிகத்தை லட்சக்கணக்கான மக்களுக்கு அங்கே பெருமையாகக் காட்டினார்கள்.

பள்ளிக்கூடக் காட்சி ஒன்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜோஸே ஒரு கட்டுரை எழுதுகிறான், தன் குடிசைத் தெருவின் வாழ்க்கையைப் பற்றி. ஆசிரியர் அதை வகுப்பில் எடுத்து, இது உன் எழுத்தே இல்லை, எங்கிருந்தோ காப்பியடித்திருக்கிறாய் என்கிறார். ஒரு கறுப்புப் பையனுக்கு இவ்வளவு நல்ல பிரெஞ்சு வராது என்பது அவர் எண்ணம். கரும்பில் கூலியை அமுக்கியவர்கள் இங்கே அவன் எழுத்தையே அவன் கணக்கில் வரவு வைக்க மறுக்கிறார்கள். பையன் வாதாடவில்லை, வகுப்பை விட்டு ஓடிவிடுகிறான். அந்த ஆசிரியர் பிற்பாடு குடிசைக்கே தேடி வந்து மன்னிப்புக் கேட்கிறார், முழு உதவித்தொகையும் வாங்கித் தருகிறார். இந்தத் திருப்பம் ரொம்பச் சுலபமாக வந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த ஆசிரியரின் மனமாற்றம் கொஞ்சம் அவசரமாகத்தான் தெரிகிறது. ஆனால் அவர் வந்து நிற்கும்போது அந்தக் குடிசையின் அளவு தெரிகிறது பாருங்கள், அவருக்கு நிற்கவே இடமில்லை. தான் நம்ப மறுத்த கட்டுரைக்குள் அவரே வந்து நிற்கிறார்.

சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். சின்ன வேடம். அவளும் கறுப்பினப் பெண்தான். ஆனால் தன் இனத்தைத் தனக்குப் பிடிக்காது, தோல்தான் இப்படி, மற்றபடி நான் வெள்ளைக்காரிதான் என்கிற ரீதியில் பேசுகிறாள். ஜோஸே அவளிடம் சண்டைக்குப் போகிறான். காலனியத்தை எதிர்த்து எழுதிய சிந்தனையாளர் ஃபிரான்ஸ் ஃபனான் இதே தீவில் பிறந்து, இந்த மனநிலையைத்தான் 1952ல் ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். பால்சிக்கு அதற்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது.

இப்போது லெயோபோலிடம் திரும்பலாம். அவன் அப்பா தொராய் என்ற பெக்கே. பெக்கே என்றால் அடிமைக் காலத்திலிருந்து நிலத்தை வைத்திருக்கும் வெள்ளைக் குடும்பத்தார். லெயோபோல் வசதியாக வளர்கிறான். ஷூ போட்டிருக்கிறான். கறுப்புப் பிள்ளைகளோடு சேரக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. ஒருநாள் அப்பாவைக் குதிரை உதைத்துவிடுகிறது. சாகக் கிடக்கிறார். பையனுக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள், மகன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள் என்று அவன் அம்மா கெஞ்சுகிறாள். அவர் மறுக்கிறார். அது வெள்ளைக்காரர்கள் வைத்துக்கொள்ளும் பெயராம். பையன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த மனிதர் மகனிடம் பிரியம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது, ஆனால் பெயர் போனால் நிலமும் கூடவே போகும். இந்தக் காட்சிக்குப் பிறகுதான் அந்தப் பையன் வீட்டை விட்டு ஓடுகிறான், பிறகு கணக்குப் புத்தகத்தில் கை வைக்கிறான்.

இரண்டு பையன்கள். ஒருவனுக்கு முழு உதவித்தொகை, இன்னொருவனுக்குக் கயிறு. படித்தால் விடியும் என்று சொல்லும் படம் என்று இதைச் சுருக்கிவிடுகிறவர்கள் லெயோபோலை மறந்துவிடுகிறார்கள். கல்விதான் விடுதலையின் இரண்டாவது கதவைத் திறக்கும் சாவி என்று வகுப்புக் கரும்பலகையில் எழுதிப் போடும் ஆசிரியரை பால்சி உண்மையான மரியாதையோடுதான் காட்டுகிறார். ஆனால் படிப்பு ஒரு பையனைத் தெருவிலிருந்து வெளியே எடுக்கிறதே தவிர, தெருவை மாற்றவில்லை. கூலி மேஜை அதே இடத்தில் இருக்கிறது. அதை மாற்றப் பார்த்தவனைத்தான் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. மார்த்தினிக் 1946லிருந்து காலனி இல்லை, பிரான்ஸின் ஒரு மாவட்டம். அப்படி மாற்றிய சட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்னெடுத்தவர் மார்த்தினிக்கின் கவிஞர் எமே செசேர். சட்டப்படி பாரிஸில் இருப்பவருக்கும் அங்கே இருப்பவருக்கும் ஒரே உரிமை. ஆனால் 2009ல் விலைவாசியை எதிர்த்துத் தீவே ஒரு மாதத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது. 2024ல் மறுபடி தெருவில் இறங்கினார்கள். அப்போது உணவுப் பொருள்களின் விலை பிரான்ஸ் பெருநிலத்தைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. இறக்குமதியிலும் பெரிய கடைகளிலும் பெக்கே குடும்பங்களின் கை இன்னும் ஓங்கித்தான் இருக்கிறது. மக்கள்தொகையில் அவர்கள் ஒரு சதவீதம் அளவுதான். 2020 மே 22 அன்று, கிளர்ச்சி நடந்த அதே தேதியில், விக்டர் ஷோல்ஷேரின் சிலைகளை இளைஞர்கள் உடைத்தார்கள். ஒழிப்பு ஆணையைக் கொண்டுவந்த பிரெஞ்சுக்காரர் அவர். ஜோஸே படிக்கப் போகிற பள்ளிக்கே அவர் பெயர்தான். விடுதலையை வாங்கியது யார், கொடுத்ததாகப் பெயர் எடுத்தது யார் என்ற சண்டை அங்கே இன்னும் முடியவில்லை.

இந்தப் படத்தை எடுக்க பால்சி பட்ட பாடு தனிக் கதை. 1975ல் பாரிஸுக்குப் படிக்கப் போனார். திரைக்கதை எழுதி முடித்தார். பிரெஞ்சு இயக்குநர் பிரான்ஸுவா த்ரூஃபோ அதைப் படித்து ஆலோசனை சொன்னார், ஊக்கம் கொடுத்தார். அரசின் திரைப்பட மையம் முன்பணம் ஒதுக்கியது. அதற்கப்புறமும் தயாரிப்பாளர்கள் தயங்கினார்கள். கறுப்பின நடிகர்கள், நட்சத்திரம் கிடையாது, கரும்புக்காட்டுக் கதை, இயக்குநர் ஒரு இளம்பெண், அதுவும் கறுப்பினப் பெண். இதற்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? கடைசியில் பத்து லட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் படம் முடிந்தது. வெளியானதும் மார்த்தினிக்கில் சனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். தங்கள் பாட்டியைத் திரையில் பார்க்கப் போனார்கள் என்றே நான் நினைத்துக்கொள்வேன். 1984ல் சிறந்த முதல் படத்துக்கான செஸார் என்ற பிரெஞ்சுத் திரைப்பட விருதும் வந்தது.

ஹாலிவுட் கூப்பிட்டது. பால்சி அங்கே கொண்டுபோன விஷயம் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி. அப்போது அந்த ஆட்சி நடந்துகொண்டிருந்தது, மண்டேலா சிறையில் இருந்தார். தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஆண்ட்ரே பிரிங்க் 1979ல் எழுதி அங்கே தடை செய்யப்பட்ட நாவலை எடுத்துக்கொண்டார். 'எ டிரை வைட் சீசன்', 1989. கறுப்பினத்தவரை மட்டும் மையமாக வைத்தால் ஒரு ஸ்டுடியோவும் பணம் போடாது என்று அவருக்குத் தெரியும். வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவர் மையமாக இருக்கும் நாவலை எடுத்து, அதற்குள் கறுப்பினக் குடும்பங்களுக்கு இடத்தைப் பெரிதாக்கினார். முதலில் வார்னர் பிரதர்ஸ், பிறகு கைமாறி எம்ஜிஎம். பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றுக்குப் படம் இயக்கிய முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

எடுப்பதற்கு முன் பால்சி தென்னாப்பிரிக்காவுக்குள் ரகசியமாகப் போனார். பாட்டுப் பதிவு செய்ய வந்த பாடகி என்று காட்டிக்கொண்டு, ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான ஸோவெட்டோவின் மருத்துவர் ந்தாத்தோ மோட்லானாவின் உதவியோடு, சித்திரவதையை அனுபவித்தவர்களைச் சந்தித்துக் கேட்டுக்கொண்டார். படப்பிடிப்பு ஜிம்பாப்வேயில். ஜேக்ஸ் மோக்கே, வின்ஸ்டன் ந்ட்ஷோனா, ஜான் கானி என்று கறுப்பின வேடங்களுக்குத் தென்னாப்பிரிக்க நடிகர்களையே பிடித்துப் போட்டார். ஒன்பது வருடமாகச் சினிமாவில் தலைகாட்டாமல் இருந்த மார்லன் பிராண்டோ வழக்கறிஞர் வேடத்துக்கு வந்தார். அவர் வாங்கியது நடிகர் சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம். ஆஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது.

1976ல் ஸோவெட்டோ மாணவர்கள், வெள்ளை ஆட்சியாளர்களின் மொழியான ஆஃப்ரிக்கான்ஸின் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போய், சுடப்பட்ட காலத்துக் கதை. பென் டு டொய்ட் என்ற வெள்ளை ஆசிரியரிடம் அவர் பள்ளித் தோட்டக்காரர் கோர்டன் தன் மகனைக் கூட்டி வருகிறார். போலீஸ் பிரம்பால் அடித்த தழும்பு பையன் உடம்பில். பென் கெட்டவர் இல்லை. அந்தப் பையனின் படிப்புக்குப் பணம் கட்டுகிறவர். ஆனால் அவர் சொல்வது, விட்டுவிடு, ஏதாவது காரணம் இல்லாமல் அடித்திருக்கமாட்டார்கள். சாதாரணமாக, கனிவாகவே சொல்கிறார். நான் பார்த்த நிறவெறிப் படங்களில் என்னை அதிகம் உலுக்கிய வசனம் இதுதான். கத்துகிற போலீஸ்காரனைவிட இந்தக் கனிவான மனிதரைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம் பையன் சாகிறான், மகனைத் தேடிப் போன அப்பாவும் காவலில் சாகிறார். பென் மெல்ல மெல்லக் கண் விழிக்கிறார். அதற்கு அவர் கொடுக்கும் விலையில் முக்கால்வாசி வீட்டுக்குள்ளேயே வசூலாகிறது. மனைவி விலகிப் போகிறாள், மகள் காட்டிக்கொடுக்கிறாள்.

முடிவை பால்சி நாவலிலிருந்து மாற்றினார். டாக்ஸி ஓட்டும் ஸ்டான்லி, பென்னைக் கொன்ற போலீஸ் அதிகாரியைச் சுட்டுவிடுகிறார். இது ஹாலிவுட் பாணிப் பழிவாங்கல் என்று குறை சொன்னவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. நல்ல வெள்ளைக்காரர் ஒருவர் தியாகம் செய்து செத்ததோடு படம் முடிந்திருந்தால், பார்ப்பவர்கள் அவருக்காக அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கடைசிச் செயலை ஒரு கறுப்பின மனிதன் கையில் கொடுத்ததில் ஒரு நேர்மை இருக்கிறது. யாருடைய நாடு அது?

இவ்வளவு செய்தவருக்கு அடுத்தடுத்துப் படங்கள் கிடைத்திருக்க வேண்டாமா? 1992ல் 'சிமெயோன்' என்று ஒரு இசைக் கற்பனைப் படம். அதன்பிறகு திரையரங்குக்கான கதைப்படம் எதுவும் அவரிடமிருந்து வரவில்லை. 2022 நவம்பரில் அகாடமி அவருக்குக் கௌரவ ஆஸ்கார் கொடுத்தபோது மேடையில் அதை மறைக்காமல் சொன்னார். கறுப்பினக் கதைக்கு வசூல் வராது, பெண் கதைக்கு வசூல் வராது என்று தான் கேட்டுக் கேட்டுச் சலித்ததைச் சொன்னார். முதல் பெண், முதல் பெண் என்று பாராட்டிவிட்டு, எடுக்க நினைத்த படங்களை எடுக்கவிடாமல் செய்ததைச் சொன்னார். இரண்டுக்கும் வசூல் வரும், இரண்டும் சேர்ந்தாலும் வரும் என்று அதே மேடையில் பதிலும் சொன்னார். அந்த உரையைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. விருது கொடுத்துக் கைதட்டிய அறையில், முப்பது வருடம் அவருக்குக் கதவைத் திறக்காத தொழிலைச் சேர்ந்தவர்களும்தானே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் அந்த முப்பது வருடமும் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. தொலைக்காட்சிக்குப் போனார். 1960ல் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்கு, கூட்டம் வசைபாட, அதிகாரிகளின் காவலோடு நடந்துபோன ஆறு வயதுச் சிறுமி ரூபி பிரிட்ஜஸின் கதையை 1998ல் எடுத்தார். அமெரிக்காவின் அட்டிகா சிறையில் நடந்த கைதிகள் கலகம் பற்றி 2001ல் ஒன்று. 1994ல் எமே செசேரைப் பற்றி மூன்று பகுதி ஆவணப்படம். இவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பெரிதாகப் பேசப்படாத ஒன்று, 'பர்க்கூர் த திஸ்ஸிதான்' என்ற ஆவணப்படம். 2000களின் நடுவில் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் விழுந்ததும் மார்த்தினிக்கும், அருகே இருக்கும் இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பும், ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசின் பிரதிநிதியான அட்மிரல் ரோபேரின் பிடியில் போயின. 1943 நடுப்பகுதி வரை அவர் ஆட்சி. அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ராத்திரியில் சின்னப் படகுகளில் கடலைத் தாண்டி, பிரிட்டிஷ் கையில் இருந்த டொமினிக்கா, செயின்ட் லூசியா தீவுகளுக்குப் போனார்கள். ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த டி கோலின் பிரெஞ்சுப் படையில் சேரத்தான். பதின்வயதுப் பையனாக இருந்த ஃபனானும் அப்படி டொமினிக்காவுக்குப் படகேறியவர்தான். இப்படிப் போனவர்களில் ஒரு பிரிவு அமெரிக்காவில் பயிற்சி எடுத்துப் போர்முனைக்குப் போனது. போர் முடிந்து திரும்பியவர்களை பிரான்ஸ் சுத்தமாக மறந்துவிட்டது. எதிர்ப்பு இயக்கத்தின் வரலாற்றுப் புத்தகங்களில் அவர்களுக்கு ஒரு பத்திகூட இல்லாமல் பல ஆண்டுகள் போயின. பால்சி கேமராவோடு போனபோது உயிரோடு இருந்தவர்கள் எல்லாரும் எண்பதை ஒட்டியவர்கள். அவர்களை உட்காரவைத்து, எந்தக் கரையிலிருந்து கிளம்பினீர்கள், வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்.